தொப்பிக்குள் பன்னிரண்டு சீட்டு

எங்கள் கல்லூரி பி.டி. சாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அவர். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டே ஓர் ஆளை எப்படி நோகடிக்கலாம் என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓசூரில் நாங்கள் படித்த கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணியில் அந்த வருடம் செட்டர் இடம் காலி. செட்டர் என்றால் இரண்டாவதாகப் பந்தைத் தொடுகிறவள். அவள் வாகாகத் தூக்கிக் கொடுத்தால்தான் என்னைப் போல வலையோரம் நிற்கிறவர்கள் எகிறி அடிக்க முடியும். அவள் சொதப்பினால் ஆறு பேரும் சொதப்பல்தான்.

அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி என் தோழி. கெலமங்கலத்திலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கண்டக்டரிடம் சண்டை போடக் கன்னடம். பழைய செட்டர் படிப்பை முடித்துக்கொண்டு போகட்டும் என்று இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவள். இன்னொருத்தி முதல் வருடம். அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை, விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். அந்தச் சின்னவள் வந்த முதல் வாரமே, அவள் தூக்கிய பந்து என் கை எங்கே போகுமோ அங்கே வந்து நின்றது. அவ்வளவு நன்றாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாருக்கும் தெரியும். "நீ இந்த வருஷமும் வெளியில இரு" என்று என் தோழியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்ல மாட்டார். வாயில் என்ன கொழுக்கட்டையா? மூன்று வாரம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்கினார். மண்டலப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ஆளுக்கொரு சீட்டுல செட்டர் பேர எழுதிப் போடுங்க கண்ணு. உங்க டீமு, நீங்களே முடிவு பண்ணுங்க."

அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரும் எழுதினோம். நான் என் தோழியின் பெயரை எழுதினேன். ஜெயிக்க மாட்டாள் என்று தெரியும். ஒரு ஓட்டுகூட விழாமல் போனால் பாவம் என்று தோன்றியது. ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

மனதுக்குள் எண்ணிவிட்டு முடிவை மட்டும் சொல்லக் கூடாதா அந்த மனிதர்? ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். முதல் எட்டுச் சீட்டும் சின்னவளுக்கு. ஒன்பதாவதில் என் தோழியின் பெயர். பிறகு மறுபடியும் சின்னவள்தான். பதினொன்றுக்கு ஒன்று.

சார் என் தோழியைப் பார்த்துச் சிரித்தார். "தன் மேல நம்பிக்கை இருக்கறது நல்லதுதான் கண்ணு."

தேற்றுகிறாராம்! எல்லோரும் சிரித்தார்கள். அவள் தனக்குப் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று அவள் எழுதியது. சின்னவள்தான் தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள், ஆனால் ஜெயித்தவளைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? என் தோழி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "சார், அது நான் எழுதுனது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு எனக்குப் பந்து தூக்கப் போகிற சின்னவள் என்ன நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். சாரைத் திட்டுகிற வாய்தான் இது.

அரையிறுதி வரை போனோம். சின்னவள் பிரமாதமாக ஆடினாள். என் தோழி தண்ணீர் பாட்டில் தூக்கினாள். அதற்குள் அவளுக்கு 'ஒத்த ஓட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது நாங்கள் இருவரும், அந்த அணியில் இன்னும் மூன்று பேரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறோம். கம்பெனி பஸ்ஸிலும் அவளுக்கு அதே பெயர்தான். போன மாதம் ஒருநாள் பஸ்ஸில் பொறுக்க முடியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அந்தச் சீட்டு நான் எழுதுனதுடி."

"தெரியும். நான் எழுதல, உன்ன விட்டா வேற யாரு எழுதுவா?" என்றாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அவங்ககிட்ட சொல்லு."

எழுந்து பின்சீட்டுக்குப் போய், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். மூன்று பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எந்தச் சீட்டு?" என்றாள் ஒருத்தி.

தொப்பி, சார், மண்டலப் போட்டி என்று ஒன்று விடாமல் விளக்கினேன்.

"ஓ, அதனாலதான் அந்தப் பேரா? எனக்கு மறந்தே போச்சுடி. சரி விடு."

திரும்பி வந்து தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே தூறல் போட்டது. பின்னாலிருந்து அதே குரல் வந்தது.

"ஏய் ஒத்த ஓட்டு, அந்த ஜன்னலச் சாத்து."

அவள் சாத்தினாள்.