ஜூலை முதல் தேதியா, மாசி மகமா: நாகம்பேட்டுக்குப் போய் வந்த கதை

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு முருகன் படம் இருக்கிறது. பதினான்கு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் அதன் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனம் வைக்கிறேன். கீழே பொடி எழுத்தில் ‘நாகம்பேடு முனிரத்தினம்’ என்று வரைந்தவர் பெயர் இருக்கும்.

என் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலக் காகிதத்திலும் இரவல் பத்திரிகையிலும்தான். பாட்டு எழுதியவர், கதை எழுதியவர், படம் வரைந்தவர் யாருடைய பிறந்த நாள் கண்ணில் பட்டாலும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அன்றைக்குச் சாமி விளக்கில் அவர்களுக்காக ஒரு திரி கூடுதலாக எரியும். “உன் தனிப் பஞ்சாங்கம்” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

முனிரத்தினம் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பிறந்தது ஜூலை முதல் தேதி என்று ஒரு பத்திரிகையில் பார்த்து, சென்ற வருஷம் அந்த நாளில் திரி போட்டேன். அதை அவர் மனைவி ராஜம்மாளுக்கு ஒரு கார்டில் எழுதினேன். இந்த வைகாசியில் பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுத வைத்திருந்தார். “அந்தத் தேதி தப்பு அம்மா. வருகிற ஜூலை முதல் தேதி இங்கே பள்ளிக்கூடத்தில் அவர் படத்தைத் திறக்கப் போகிறார்கள். அதன் கீழே அந்தத் தேதியையே எழுதப் போகிறார்கள். நான் சொல்லி எடுபடவில்லை. படித்தவர்கள் யாராவது வந்து சொன்னால் தேவலை.”

என்னைப் படித்தவள் என்று நினைத்துவிட்டார். கார்டை முருகன் படத்தடியில் வைத்துவிட்டு, போவது என்று முடிவு செய்தேன்.

மன்மத வருஷம் ஆனி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. திருவள்ளூரில் காலை ஐந்து நாற்பதுக்கு ரயில் ஏறினோம். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பன்னிரண்டணா. கும்மிடிப்பூண்டி போகிறவர்கள் சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறலாம். எங்களுக்கு அங்கே ஐம்பது நிமிஷம் காத்திருப்பு. கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தை அங்கேயே முடித்துவிட்டோம். ஏழு ஐம்பதுக்குக் கூடூர் வண்டி. ஆளுக்குப் பதின்மூன்றணா, முப்பது மைல். பொன்னேரியை ஒட்டி ஆரணியாறு வெறும் மணலாகக் கிடந்தது. பொன்னேரியில் பழவேற்காட்டு மரைக்காயர் குடும்பம் ஒன்று மூட்டைகளோடு இறங்கியதும் வண்டியில் காலை நீட்ட இடம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து.

ஸ்டேஷன் வாசலில் இரண்டே ஜட்காக்கள்.

“நாகம்பேடா? படக்காரரு ஊட்டுக்கா? ஏறுங்க நைனா, ஒண்ணே முக்கா குடுங்க” என்றார் வண்டிக்காரர்.

“நாலு மைலுக்கா?” என்றார் இவர்.

“நாலு மைலுதான். ரோடு எங்க இருக்குது? குதிரை நடக்கறதுக்குத்தான் டப்பு. உங்க ரெண்டு பேரையும் குலுக்கறதுக்கு நான் ஒண்ணும் வாங்கறதில்லே.”

காத்திருந்து திருப்பிக் கொண்டுவிட ஒன்றரை ரூபாய் என்று முடிந்தது. வண்டியின் பின்பலகையில் ஒரு மயில், தோகையில் ஒரு கண்கூட உதிராமல். “அவரு போட்டதுதாம்மா. காசு குடுத்தேன், வாங்கலே. குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போடுன்னுட்டாரு” என்றார் வண்டிக்காரர்.

ராஜம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஓலை வீடு, உள்ளே வர்ண வாசனை இன்னும் போகவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“அவரு பொறந்தது மாசி மகத்தன்னிக்கும்மா. எங்க மாமியாரு நெறமாச வயித்தோட, கடல் குளிக்கணும்னு பிடிவாதம் பிடிச்சி, வண்டி கட்டிக்கினு பழவேற்காட்டுக்குப் போயிருக்குது. கடல் கண்ணுக்குத் தெரியற எடத்துல வலி வந்துட்டுது. மாட்டை அவுத்துட்டு, வண்டியச் சுத்திப் புடவைய மறைச்சிக் கட்டி, அங்கியே பெத்துச்சாம். முழு நெலா. வெளக்கே வேணாம்னு இருந்துச்சாம்.”

“ஜாதகம் இருக்குமே, அதைக் காட்டலாமே” என்றேன்.

“இருந்துச்சு. பதினாறாம் நாளு காரியத்துல கடல்ல உட்டுட்டோம். செத்தவங்க ஜாதகம் ஊட்ல இருக்கக் கூடாதில்லியா.”

என் மாமனார் ஜாதகத்தை நாங்களும் அப்படித்தான் தண்ணீரில் விட்டோம்.

“கட்டிக்கினு வந்த வருசத்திலேர்ந்து ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பொங்கல் வெச்சேன். இப்ப, செத்தவனுக்கு ஏது பொறந்த நாளு, இனிமே திதிதான்னு சொல்லிட்டாங்க. சரின்னு உட்டுட்டேன். இப்ப அவரு பொறக்காத ஒரு நாளை எழுதி மாட்டப் போறாங்கம்மா. நான் வெச்ச பொங்கல் எல்லாம் யாருக்கு வெச்சதாகும்?”

“ஆழ்வார்களுக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுகிறோமே, அவர்கள் மட்டும் இருக்கிறார்களா?” என்று ஏதோ சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டு முருகன் படம் மனதில் வந்து நின்றது. மலையடிவாரத்தில், மயில் தோகைக்குப் பின்னால், மாடு அவிழ்த்த ஒரு சின்ன வண்டி. மேலே முழு நிலா. பதினான்கு வருஷமாகத் துடைக்கிறேன். முருகனுக்கு எதற்கு மாட்டு வண்டி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் இருநூறு கஜ தூரம். ராஜம்மாளும் எங்களோடு வந்தார். மத்தியான மணி அடித்திருந்தது. தலைமையாசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார். புதுப் படம் சுவரில் சாத்தியிருந்தது. கீழ்ப்பலகையில் தேதியைச் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள். வர்ணம் ஏற்றுவது பாக்கி.

“இந்தம்மா பாவம்தாங்க. ஆனா பதிவேட்டுல ஜூலை ஒண்ணுன்னுதான் இருக்குது. ஆதாரம் இல்லாம மாத்த முடியுமா?” என்றார்.

“பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அஞ்சு வயசு நிரம்பணுமே என்று வாத்தியாரே ஒரு தேதி போடுவதுதானே வழக்கம்?” என்றார் வீட்டுக்காரர். பிறகு, கேலியாகவே, “உங்கள் பிறந்த நாள் என்ன சார்?” என்றார்.

“ஜூலை ஒண்ணு.”

இவர் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

“என்னைப் பெத்த மாசமே அம்மா போயிட்டாங்க. சித்தப்பா ஊட்ல வளர்ந்தேன். நான் எந்த மாசத்துல பொறந்தேன்னு யாருக்கும் ஞாபகமில்லே. வாத்தியார் போட்ட நாளுதான் எனக்கு இருக்கற ஒரே நாளு.”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜம்மாள்தான் எழுந்து, மேசைக்கு மேலே மாட்டியிருந்த சரஸ்வதி படத்தின் அருகில் போனார். முனிரத்தினம் வரைந்து கொடுத்தது. சரஸ்வதி பூஜைக்கு அதற்குத்தான் மாலை. “இது இன்னான்னு பாருங்க ஐயா” என்று அன்னத்தின் காலடியில் விரலை வைத்தார். வெள்ளைத் தாமரைகளுக்கு அப்பால் ஒரு கோடு கடல். அதன் ஓரத்தில் மாடு அவிழ்த்த வண்டி. சுற்றிலும் சிவப்புப் புடவை. மேலே முழு நிலா.

எங்கள் வீட்டுப் படத்திலும் அதே வண்டி, அதே நிலா என்றேன். ராஜம்மாள் வண்டியின் கதையைச் சொன்னார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஒன்பது வருசமா இதுக்கு மாலை போடறேன்” என்றார் மெதுவாக. பிறகு மேல்துண்டை எடுத்துக் கீழ்ப்பலகையில் இருந்த சாக்குக்கட்டி எழுத்தைத் துடைத்தார். “பதிவேட்ட நான் தொட முடியாதும்மா. பலகையில மாசி மகம்னே எழுதறேன். படத்தையும் அன்னிக்கே தொறக்கலாம். எனக்குத்தான் வேற நாளு இல்லே. அவருக்கு இருக்குதே.”

ராஜம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “அன்னிக்குப் பொங்கல் நான் வெக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாருக்கும் வெச்சிடுங்க” என்றார் அவர்.

திரும்புகால் வண்டி நாலு பத்துக்கு. திருவள்ளூர் வந்து சேர எட்டேகால் ஆயிற்று.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகம்பேட்டில் சாப்பாட்டுக் கடை இல்லை, கட்டுச்சோறு அவசியம். அமாவாசையன்று கிளம்பாதீர்கள். எங்கள் ஊர்ப் பெருமாளைச் சேவிக்க வருகிற கூட்டத்தில் ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. ஒருவர் பிறந்த நாளைக் கேட்கப் போனால் முதலில் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், பிறகு பதிவேட்டைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: உங்கள் வீட்டில் காலமானவரின் ஜாதகத்தைத் தண்ணீரில் விடுவது வழக்கமானால், விடுவதற்கு முன் மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தோஷம் இல்லை என்று எங்கள் கோயில் பட்டாச்சாரியாரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நோட்டில் முனிரத்தினத்தின் பெயரை மாசிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். ஜூலைப் பக்கத்தில் அவர் இருந்த இடம் காலியாயிற்று. ஆனாலும் முதல் தேதி வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஒரு திரி கூடுதலாகவே போட்டேன். அந்தத் தலைமையாசிரியர் கவி இல்லை, சித்திரக்காரரும் இல்லை. அவருக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான்.

“இது யாருக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.