முயலின் வயிற்றைப் பார்த்த பிறகு

புலாவ் செபாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போனபோது தான் வளர்த்த முயல்களை வெளியே திறந்துவிட்டுப் போனார். அவை பெருகி என் கீரைப் பாத்தியைத் தரையோடு மேய்ந்தன. இரவு வேலை முடிந்து வந்து மொட்டைத் தண்டுகளைப் பார்க்கையில் அழக்கூடத் தெம்பிருக்காது. கம்பிக்கூண்டு வாங்கி, உள்ளே கங்கோங் கீரை வைத்தேன். சிக்கிய இரண்டைச் செம்பனைக் காட்டில் விட்டுவிட்டு வந்து தூங்கினேன்.

மூன்றாவது சிக்கிய காலையில் மழை. காட்டுப் பாதை முழுக்கச் சேறு. அதனால் சிம்பாங் அம்பாட்டில் முயல் வளர்க்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தூக்கி வயிற்றைத் தடவினார்.

"ஏம்மா, குட்டிங்கள எங்க விட்ட?"

"குட்டியா? இது ஒன்னுதான்கா மாட்டுச்சு."

"வயித்து முடியப் பிடுங்கி மெத்த போட்டிருக்குலா! பாலு வேற கட்டியிருக்கு. தூங்கிக்கிட்டே கூண்டு வச்சியா? போ, போய்த் தேடு!"

தாயையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை வீட்டுக்கு விரட்டினேன். பின்புறம் சாய்த்து வைத்த தகரத்தின் அடியில், புல்லும் வெள்ளை முடியும் மூடிய ஒரு குழி. விரலை விட்டேன். சூடாக இருந்தது. கண் திறக்காத நான்கு குட்டிகள், நான்கு சின்ன மூச்சுகள். மெத்தையோடு அள்ளிப் பெட்டியில் வைத்து, தாயோடு அக்காவிடம் சேர்த்தேன்.

இப்போதும் கூண்டு வைக்கிறேன்; கீரை எனக்கும் வேண்டும். ஆனால் எவ்வளவு அசதியாக இருந்தாலும், சிக்கியதன் வயிற்றைப் பார்க்காமல் கூண்டை மோட்டாரில் ஏற்றுவதில்லை.

அந்த முதல் இரண்டின் வயிற்றை நான் பார்க்கவில்லை.