வலது பக்கம் திரும்பி உட்கார்ந்தவள்

பெண்கள் சைக்கிள் கேரியரில் இடது பக்கம் கால் தொங்கப்போட்டுத்தான் உட்கார வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் சென்னையில் மீறிப் பாருங்கள், ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிடுவார்கள். நான் மீறினேன். தொண்ணூறுகளின் கடைசியில், என் கணவரின் சைக்கிளில் வலது பக்கம் திரும்பி உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையும் லாரியையும் முறைத்துக்கொண்டே, மந்தைவெளியிலிருந்து எல்டாம்ஸ் சாலைக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, மாத்திக் குந்திக்கினு போறே? கால் போய்டும்!" என்று லஸ் முனையில் ஆட்டோக்காரர்கள் கத்துவார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர் சைக்கிளை நிறுத்தி, என்னை விட்டுவிட்டு என் கணவருக்குப் புத்தி சொன்னார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், நானும் இடது பக்கம் மாறி உட்கார்ந்தேன். அடுத்த திருப்பம் வந்ததும் நான் இறங்கி மறுபடி வலது பக்கமே உட்கார்ந்தேன்.

என் கணவருக்கு வலது காது கேட்காது. அதுதான் காரணம். அதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. மெத்தையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் ஐந்து பெண்கள் ஒரே நேரத்தில் கேட்கும் ஐந்து நிறத்தையும் காதில் வாங்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிரித்துப் போடுகிறவர். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. காது மந்தம் என்று தெரிந்தால் மெத்தையிலிருந்து எழுப்பி ஸ்டாக் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் கடைக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார். கடைக்குத் தெரியக்கூடாதது பெண்டாட்டிக்கும் தெரியக்கூடாது என்று ஏன் நினைத்தாரோ, ஆண்களைக் கேட்டால்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது நடுரோட்டில். அப்போது நான் எல்லாரையும் போல இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். ஆழ்வார்பேட்டையை நெருங்கும்போது ஓரத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அதைச் சுற்றிப் போக அவர் வலது பக்கம் ஒடித்தார். பின்னால் பஸ் அடித்த ஹாரனில் என் முதுகெலும்பே குலுங்கியது. அவரோ காலை நேரக் காற்று வாங்குகிறவர் போல மெதுவாக இன்னும் வலது பக்கம் போனார். பஸ் கிறீச்சென்று நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார். டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்றார். சொல்லிவிட்டு வர வேண்டிய வீடே கேரியரில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஹாரன் கேக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. அவனுக்கு எப்பவும் அவசரம்."

அன்றிலிருந்து வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் குக்கர் விசிலுக்கு அசைய மாட்டார். வலது பக்கம் படுத்தால் பால்காரரின் மணிக்கே எழுந்துவிடுவார். வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து காதில் வலி என்று இரண்டு வாரம் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாரே, அதற்குப் பிறகுதான் இப்படி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

சென்னையில் சாலையைக் கண்ணால் பார்த்து ஓட்டுவது பாதி, காதால் கேட்டு ஓட்டுவது பாதி. முன்னால் இருப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருவது பஸ்ஸா ஆட்டோவா, ஒதுங்க வேண்டுமா வேண்டாமா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பின்னால் வந்து முந்துவதெல்லாம் வலது பக்கமாகவே முந்தும். இவருக்குப் போனதும் அந்தப் பக்கத்துக் காதுதான்.

ஆகவே மறுநாள் காலை நான் வலது பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பெரிய வண்டி பின்னால் நெருங்கினால் அவர் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் இடது ஓரம் ஒதுங்கி ஓட்டினார். ஏன் தட்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. ஏன் தட்டுகிறேன் என்று நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பின்சக்கரத்தின் வலது பக்கம் நான் கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன இரும்புக் கட்டை புதிதாகப் பொருத்தியிருந்தது. அதைப் பற்றியும் பேச்சில்லை. செயின் அந்தப் பக்கம் இருந்ததால் என் புடவைக் கரையெல்லாம் மசி. சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது மட்டும் வாய்விட்டுத் திட்டுவேன்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அந்த வருடங்களில் பாலம் கட்டாத சந்திப்பு சென்னையில் அபூர்வம். எங்கள் வழியிலும் ஆழ்வார்பேட்டையில் பாலம் வேலை தொடங்கியது. சாலை நடுவில் தகரத்தை நட்டு நீளமாக மறைத்துவிட்டார்கள். உள்ளே தோண்டுவதும் கொட்டுவதும் நடந்தது. வெளியே மிச்சமிருந்த ஒடுக்கமான வழியில் பஸ், லாரி, ஆட்டோ, மாட்டு வண்டி, நாங்கள். தகரத்தில் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தது. வருந்துகிற முகம் ஒன்றைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை.

வழி தினமும் மாறும். நேற்று போன இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள், மழை பெய்தால் அது வழுக்கும். தகடு தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் முழங்காலை உரசிக்கொண்டு பஸ்ஸின் சிவப்பு போகும். அவர் இடுப்பைத் தட்டித் தட்டி என் விரல் வலிக்கும். எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம். அங்கே நான் இறங்கிக்கொள்வேன். அதன்பிறகு அவர் தனியாக அண்ணா சாலையைக் கடந்து தி.நகர் போக வேண்டும். அந்த வழியிலும் கேபிளுக்கும் சாக்கடைக்கும் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவருடைய கடைக்குப் போன் செய்து 'வந்துவிட்டாரா' என்று கேட்க முடியாது. சாயங்காலம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும்வரை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

அந்தக் காலையும் மற்ற நாளைப் போலத்தான் தொடங்கியது. பாலம் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தோம். தகரச் சுவரில் நடுவே ஒரு இடைவெளி உண்டு. கலவை லாரிகள் அதன் வழியாக உள்ளே போகும், வரும். லாரி வரும்போது ஒருவர் சிவப்புத் துணியைக் காட்டி விசில் ஊதுவார், எல்லா வண்டியும் நிற்கும். அன்று அந்த விசில்காரர் தகரத்தோடு ஒட்டி, எங்களுக்கு வலது பக்கம் நின்றிருந்தார். முன்னால் ஒரு வேன் மறைத்ததால் துணி கண்ணில் படவில்லை. விசில் மட்டும் வந்தது.

எல்லாரும் நின்றார்கள். வேனும் நின்றது. என் கணவருக்கு முன்னால் ஓரத்து வழி சட்டென்று காலியானது. தினமும் ஆமையாக ஊர்ந்த இடத்தில் அப்படி ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? வேனைத் தாண்டி வேகம் எடுத்தார்.

நான் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தகர இடைவெளியிலிருந்து லாரியின் பின்பக்கம் வெளியே வந்துகொண்டிருந்ததை அவருக்கு முன்னால் நான் பார்த்தேன். அது ரிவர்சில் வந்தது. அவர் இடுப்பில் தட்டினேன்.

அவர் இடது பக்கம் ஒதுங்கி, இன்னும் வேகமாக மிதித்தார்.

எங்களுக்குள் தட்டு என்றால் பெரிய வண்டி வருகிறது, ஓரம் போ, சீக்கிரம் போ என்றுதான் அர்த்தம். நிறுத்து என்பதற்கு ஒரு தட்டும் கிடையாது. பேசியிருந்தால்தானே அதற்கும் ஒன்று வைத்துக்கொண்டிருப்போம்? பலமாகத் தட்டினேன். இன்னும் பலமாக மிதித்தார். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓரத்துப் பள்ளத்தில் விழாமல் ஓட்ட அவர் கண் தரையிலேயே இருந்தது. லாரியின் பின்பக்கம் பாதி வழியை அடைத்துவிட்டது.

குதித்துவிட்டேன்.

யோசித்துக் குதிக்கவில்லை. முழங்காலும் இரண்டு உள்ளங்கையும் ஜல்லியில் தேய்ந்தன. ஆனால் பின்னால் இருந்த கனம் போனதை அவர் உடம்பு உணர்ந்துவிட்டது. சைக்கிள் ஒரு உதறு உதறியது. நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் லாரி கடந்து, எதிர்ச் சுவர்வரை போய் நின்றது. அதை அவர் பார்க்கவேயில்லை. மறுபடி முன்னால் திரும்பியபோது அங்கே ஒரு லாரி நின்றிருந்தது, அவ்வளவுதான்.

விசில் ஊதியவர் ஓடி வந்தார். "யோவ்! விசில் ஊதிக்கினே கீறேன், நீபாட்டுக்குப் போய்க்கினே கீறே! காது கேக்கல உனுக்கு?"

சாலையில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. பதிலுக்கு முறைப்பார்கள், அல்லது வாய்க்கு வந்ததைத் திருப்பித் திட்டுவார்கள். என் கணவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்து, "ஆமாப்பா. இந்தக் காது கேக்காது" என்றார்.

அந்த மனிதர் ஓங்கிய துணியை இறக்கினார். என் கையைப் பார்த்தார். "ரத்தம் வர்து பாருங்க. அந்தாண்ட குழாய் கீது, கய்விக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

குழாயடியில் உட்கார்ந்து நான் அழுதேன், அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். இத்தனை மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குத் திட்டினேன். பாலத்தையும், கட்டச் சொன்னவர்களையும், கட்டுகிறவர்களையும் திட்டினேன். அவர் என் முழங்காலில் ஒட்டியிருந்த ஜல்லிப் பொடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னை இறக்கிவிட்டதுக்கு அப்புறம் நீங்க சைக்கிள்ல போகக்கூடாது. பஸ்ல போங்க" என்றேன்.

"பஸ்ல கண்டக்டர் கேக்கறது காதுல விழலன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். எங்க கடை ஆளுங்க நெறய பேர் அந்த பஸ்லதான் வர்றாங்க."

"அப்போ செத்தாலும் பரவாயில்ல?"

"பாத்துக்கறேன். நீ இந்தப் பேச்ச விடு" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. சத்தியம் செய்யச் சொன்னேன், செய்யவில்லை. அன்றிலிருந்து எங்கள் தட்டுகளில் நிறுத்து என்பதற்கும் ஒன்று சேர்ந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் இறங்கி அவர் முதுகு கூட்டத்தில் மறையும்போதெல்லாம் எனக்கு அந்த லாரியின் பின்பக்கம் கண்ணில் வந்து நிற்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பினாலும் போகாது. அவர் மேல் கோபம் கோபமாக வரும்.

சில வாரம் கழித்து ஒரு நாள், பள்ளித் தாளாளரின் தாயார் தவறிவிட்டார் என்று முதல் மணி அடித்ததுமே விடுமுறை விட்டார்கள். ரவிக்கைத் துணி வாங்கலாமே என்று பனகல் பார்க் போகும் பஸ்ஸில் ஏறினேன். அண்ணா சாலையைத் தாண்டியதும் தோண்டிப்போட்ட இடத்தில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழே, பள்ளத்தை ஒட்டி, என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்.

இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் கால் மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பச் சொல்லி அவர் அவசரப்படுத்தியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எதிரே சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், இன்னிக்கும் பஞ்சரா?"

அவர் இடது காதைத் திருப்பி, "ஆமாப்பா" என்றார்.

"டெய்லி பஞ்சர்னா இன்னா சார் அது? டியூபைக் கடாசிட்டு வேற போடு சார்."

"போடணும்" என்று சிரித்துக்கொண்டே நடந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கண்டக்டர் ஏதோ கத்தினார், காதில் வாங்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திடுக்கிடுவார் என்று வேகமாக நடந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பஞ்சர்" என்றார் என்னிடமும்.

குனிந்து பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லைப் போல இருந்தது.

"ஆமாங்க, சுத்தமா காத்தே இல்ல" என்றேன். கேரியரை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாக அவர் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம்.