கதாநாயகிக்குப் பின்னால் நின்றவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு கோபம். ஆனால் அந்த இந்தியக் கமராக்காரர் மனதைவிட்டுப் போகிறார் இல்லை.

மடு மாதா கோயிலுக்கு வந்தவர், கடல் பார்க்க வேண்டுமென்று என் ஓட்டோவில் எங்கள் ஊர் பள்ளிமுனைக்கு வந்தார். பெரிய பெரிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவராம். நரைத்த தாடி, கசங்கிய சட்டை. எங்கே இறங்கினாலும் முதலில் உள்ளங்கையை விரித்து, அதில் வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்ப்பார்.

"கைரேகை பாக்கிறியளோ ஐயா? எனக்கு எப்ப கலியாணம் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன். சிரித்தார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமியிடம் அவருடைய படங்களின் பெயரையெல்லாம் அடுக்கிப் பெருமையடித்தேன். ஒரு பெயரைக் கேட்டதும் மாமி எழுந்து வந்தார். சண்டைக் காலத்தில் வள்ளமேறி ராமேஸ்வரம் போன அவருடைய மகன், பிறகு எங்கே என்றே தெரியாதவன், அந்தப் படத்தின் கடற்கரைக் கூட்டத்தில் நிற்கிறானாம்.

"கதாநாயகிக்குப் பின்னால நிக்கிறான் ஐயா. முகம்தான் கலங்கலாக் கிடக்கு. வடிவாத் தெரியிற படம் உங்களிட்ட இருக்குமே?"

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா. ஹீரோயின் முகம் தெளிவா இருக்கணும்னு, பின்னாடி நின்னவங்கள மங்கலாக்குனது நான்தான்."

மாமி தலையாட்டிவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போனார். திரும்பும் வழியில் கமராக்காரர் கையை விரிக்கவே இல்லை. எனக்கும் கைரேகைப் பகிடி வரவில்லை.

இதை வாசித்த என் கூட்டாளி சொன்னான்: "அந்தப் படத்தை எத்தினை தரம் பாத்தனான் மச்சான், நானும் கதாநாயகியைத்தானே பாத்தனான்."