தட்டைக்கால் நண்டு வரைந்தவர்

செய்தி மீன் கூடையோடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பாக்கியம், எங்கள் அச்சகத்தில் படம் போட்ட ஆர்ட்டிஸ்ட் சிங்காரவேலு அண்ணனின் ஊர்க்காரி. கூடையை இறக்கி வைத்தாள். நான் வழக்கம்போல, "மீனு நேத்தே செத்ததா, போன வாரமா?" என்று கேட்டேன். அவள் வழக்கம்போல வையவில்லை. கூடையை மூடிய சாக்கைக்கூட எடுக்காமல், "உங்க படக்காரரு நேத்து சாயந்தரம் போயிட்டாரு அக்கா" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். எழுந்திருக்கவில்லையாம். அன்றைக்கு நான் மீன் வாங்கவில்லை. அவளும் வாங்கச் சொல்லவில்லை.

அச்சகத்துப் பழைய ஆட்கள் சேர்ந்து அண்ணனுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அச்சகத்தில் அச்சான தாளை மடித்துப் பின் அடித்ததுதான் எனக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு. ஆனாலும் சிங்காரவேலு அண்ணனைப் பற்றி நான் எழுதாவிட்டால், அவர் ரொம்ப நல்லவர், அமைதியானவர் என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். அவர் அமைதியானவர் இல்லை. தப்பைச் சொன்னால் மூக்கு சிவக்கும். எனக்குத் தெரியும், சிவக்க வைத்ததே நான்தான்.

திருவாரூரில் எங்கள் அச்சகம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் போட்டுக்கொண்டிருந்த காலம். தேர்த் திருவிழாக் கடைகளில் வைத்து விற்கலாம் என்று முதலாளி பழைய கதைகளைப் படப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. நரி, காக்கா, பேராசைக்காரன், முட்டாள் ராஜா. படம் போட அண்ணன் வந்தார். கடற்கரைக்காரர். குடும்பமே கடலுக்குப் போகிற குடும்பம். இவருக்குப் படகில் ஏறினால் வாந்தி. அதனால் படகுக்குப் பெயர் எழுதிக் கை பழகி, அப்படியே படத்துக்கு வந்துவிட்டார். "கடல் தொரத்தி விட்ட ஆளு" என்று நான்தான் பெயர் வைத்தேன். கோபப்படுவார். ஆனால் என் டீயை அவர்தான் வாங்கிக்கொண்டு வந்து வைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படம் முடிந்ததும் என்னிடம் கொண்டுவருவார். எழுத்து வருகிற இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "கதையைச் சொல்லு" என்பார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் என்னைக் கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. படத்தைப் பார்த்தே நான் கதையைச் சொல்லிவிட்டால் படம் தேறிவிட்டது. நான் தடுக்கி நின்றால் வேறு படம் போடுவார். ஒரு ராஜா படத்தைக் காட்டியபோது, "பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை, பஜ்ஜிக்குக் காத்துக்கிட்டு இருக்காரு" என்றேன். மூக்கு சிவந்தது. மறுநாள் அந்த ராஜாவுக்குக் கையில் ஒரு கத்தியும் முகத்தில் கொஞ்சம் கடுப்பும் வந்திருந்தன.

"கதை எல்லா வீட்டுலயும் கெடக்கு. சொல்ற ஆளு எழுந்து போயிட்டா அதுவும் கூடவே போயிடுது. படம் போகாது, புள்ள மடியிலேயே கெடக்கும்" என்பார். சொல்கிற ஆள் எழுந்து போன வீடுதான் என் வீடு.

காவிரியில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் வயல் வேலையை விட்டு, சார்ஜாவுக்குக் கட்டடக் கம்பி கட்டப் போனார். பையன் குமாருக்கு அப்போது ஒரு வயசு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. காலையில் அச்சகத்துத் தொலைபேசிக்குக் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் ஏது தொலைபேசி? பையனுக்கு நாலு வயசு ஆனபோதும் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மணி அடித்தாலே நான் தாள் மடிக்கிற மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வான். நான் இழுப்பேன், அதட்டுவேன், மிட்டாய் காட்டுவேன். அந்தப் பக்கத்தில் அவர், "விடு செல்வி. போனை அவன் பக்கத்துல வையி. மூச்சு விடுற சத்தமாச்சும் கேக்கட்டும்" என்பார். நான் எல்லாரையும் கிண்டல் செய்கிறவள். அந்த வார்த்தைக்கு மட்டும் என்னிடம் கிண்டல் இல்லை. ஊருக்கு வருகிற அன்றைக்கு இந்தப் பிள்ளை அவரை யாரோ என்று பார்த்தால் என்ன செய்வது என்பதே எனக்கு நினைப்பாக இருந்தது.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நான் குறுவை நடவுக்காக ஊரில் இருந்த பத்து நாளில், எனக்குச் சொல்லாமலேயே ஒரு புத்தகத்தை முடித்துவிட்டார். நண்டு வளைக்குள் வாலை விட்டு நண்டு பிடிக்கிற நரியின் கதை. ஒரு நண்டு வாலை விடாமல் கவ்விக்கொள்ள, நரி ஊரெல்லாம் ஓடி, கடைசியில் வாய்க்காலில் விழும். எழுத்து ஏற்றுவதற்கு முன்னால் வெறும் படத்தோடு இரண்டு பிரதி எடுத்துத் தைத்து வைத்திருந்தார். நான் திரும்பி வந்ததும் கையில் கொடுத்து, "ஒண்ணு உன் புள்ளைக்கு. ஒண்ண அவருக்கு அனுப்பு. அவரு அங்கேருந்து சொல்லட்டும், இவன் இங்கே பக்கத்தைத் திருப்பட்டும்" என்றார்.

வாங்கிப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பு வளையில் உட்கார்ந்திருந்தது கடல் நண்டு. பின்னங்கால் இரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தன. வயல் நண்டுக்குக் கால் எல்லாம் கூராக இருக்கும். கடற்கரையில் பிறந்த மனுஷருக்கு நண்டு என்றால் அதுதானே. அந்தப் பத்து நாள் நான் இருந்து, அவர் எழுத்தை மூடிக் காட்டியிருந்தால் தப்பியிருக்கும்.

"ஏண்ணே, வரப்புல படகு விடுதா இந்த நண்டு?" என்று கேட்டேன். மூக்கு சிவந்தது. அதற்குள் எல்லாப் பிரதியும் அச்சாகிவிட்டது. முதலாளி, நண்டின் காலை எந்தப் பிள்ளை எண்ணப் போகிறது, விடு என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு விட மனசில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். வரப்பில் நடக்கத் தெரியாமல் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, குமார் பிடித்துக் காட்டிய நண்டை மடக்குக் குடைக்குக் கீழே உட்கார்ந்து வரைந்துகொண்டு போனார்.

இன்னொரு பிரதி, விடுமுறைக்கு வந்து திரும்பிய ஒருவர் கையோடு சார்ஜாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது. பையன் மேசைக்குக் கீழே போனான், கையில் புத்தகத்தோடு. நான் ரிசீவரைக் கீழே நீட்டி, நானும் காதை ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். முதல் பக்கத்தில் நரிக்குப் பசி, அடுத்த பக்கத்தில் நரி வரப்புக்கு வருது என்று என் வீட்டுக்காரர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பையன் பேசவில்லை, பக்கத்தை மட்டும் திருப்பினான். மூன்றாவது பக்கத்தில் அவர், "இங்க பாரு, நம்ம வரப்பு நண்டு" என்றார்.

"தப்பு" என்றான் குமார்.

அப்பாவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர், "என்னடா தப்பு?" என்றார்.

"காலு தட்டையா இருக்கு. நம்ம நண்டு இப்படி இல்ல."

"அது நம்மூரு நண்டு இல்லடா. கடலைத் தாண்டி வேலைக்கு வந்துருக்கு. நீந்தி நீந்திக் காலு தட்டையா போச்சு."

"எப்ப வூட்டுக்குப் போவும்?"

"பொங்கலுக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் காதை எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் தூரிகையை டீ கிளாசில் நனைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் காலைத் திருத்திக் கூராகப் போட்டார். முதல் பிரதியைக் குமாரிடம் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் பார்த்துவிட்டு, "இது யாரோட நண்டு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மூக்கு சிவக்கும் என்று காத்திருந்தேன், சிவக்கவில்லை. "நான் போட்ட தப்பை உன் வீட்டுக்காரரு கதையா ஆக்கிட்டாரு செல்வி. இனிமே அதுக்கு நான் சொந்தக்காரன் இல்ல" என்றார்.

அந்தப் பொங்கலுக்கு என் வீட்டுக்காரரால் வர முடியவில்லை. நண்டுக்கு முதலாளி லீவு தரவில்லை என்று பையனுக்குச் சொன்னோம். அடுத்த பொங்கலுக்கு வந்தார். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பார்த்ததும் குமார் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டான். நான் பயந்தது இதற்குத்தான். அவர் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். பையன் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தான். "ஷூவைக் கழட்டு" என்றான். பஸ் ஸ்டாண்டு நடுவில், அத்தனை பேர் போகிற வழியில் உட்கார்ந்து, அவர் ஷூவையும் சாக்சையும் கழற்றிக் காலை நீட்டினார். பையன் குந்தி உட்கார்ந்து, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தான்.

"தட்டையாத்தான் இருக்கு" என்று என்னிடம் சொன்னான். பிறகு தோளில் ஏறிக்கொண்டான்.

அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தட்டைப் பாதம். கல்யாணமான புதிதில் நானே அதை வைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். இதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த பதிப்புல பழைய காலையே போட்டுடுறேன்" என்றார். வரப்பில் போய்ச் செருப்பைத் தொலைத்து வரைந்த காலை எடுத்துவிட்டு, தப்பான காலைத் தெரிந்தே திரும்பப் போட்டார். முதலாளி கத்தினார். அண்ணனின் மூக்கு சிவந்தது. அண்ணன்தான் ஜெயித்தார்.

குமார் இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். செய்தியைச் சொன்னபோது, "அந்தப் புத்தகத்தைப் பத்திரமா வச்சிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டான். வைத்திருக்கிறேன். சார்ஜாவுக்குப் போய் வந்த பிரதியும் இருக்கிறது. அதில் மூன்றாவது பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படத்தைப் பார்க்கிற பழக்கமும் என்னிடம் இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கு வந்தவை இவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் அந்த நண்டையே போடச் சொல்லியிருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் நான் எழுதியதைக் கையால் மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். காலைத் திருத்தச் சொல்லி யாரும் அச்சகத்துக்குப் போன் செய்ய வேண்டாம்.