பெட்ரோல் டேங்கில் இறங்கிய இடி

எங்கள் இராமநாதபுரம் பக்கம் மழை மேகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இரண்டே வகை: ஒன்று உப்பளக்காரர், இன்னொன்று எண்ணெய் டெப்போவில் தீப் பாதுகாப்பு பார்ப்பவர். நான் இரண்டாவது வகை. மண்டபத்துக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் ஒரு தனியார் டெப்போ. விசைப்படகுகளுக்கு டீசலும் பங்க்குகளுக்குப் பெட்ரோலும் எங்களிடமிருந்துதான் போகும். ஊரே குடை விரிக்கும்போது வால்வை மூட ஓடுகிற வேலையில் நீங்களும் இருந்தால், இதெல்லாம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பாதியில் நின்ற லாரி

ஐப்பசியில் ஒரு பிற்பகல், மேற்கே இருட்டிக்கொண்டு இடி உறுமியது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் எண்ணெய் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி. பாம்பனில் படகு வைத்திருக்கும் அந்தோணி அண்ணனின் லாரி அப்போதுதான் பாதி நிறைந்திருந்தது. வால்வை மூடி, லாரியை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன். "இடி அங்கன சாயல்குடிப் பக்கம் கெடக்கு மேடம். இங்கன எதுக்கு மூடுறீக? கடலுக்குள்ள நான் பாக்காத இடியா?" என்று அவர் விடாமல் வாதாடினார். நானும் விடவில்லை.

ஆபீசில் அவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்தேன். அவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை, கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு இடி விழுந்தது. சற்று முன் லாரி எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தை ஒட்டி, மதிலுக்கு அப்பால் நின்ற பனைமரம் உச்சியிலிருந்து எரிந்தது. அண்ணன் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "லாரி கெடக்கட்டும் மேடம். இடி அது வீட்டுக்குப் போன பெறகு ஊத்திக்கிருவோம்."

தண்ணீர் குடித்த டேங்க்

அடுத்த மாதமே புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் டீசல் டேங்குகளில் ஒன்று காலியாக இருந்தது. கடல் உள்ளே வந்தால் காலி டேங்க் வெறும் குடம்போல மிதக்கும், குழாய்களைப் பிய்க்கும், எண்ணெய் கொட்டும், பிறகு ஒரு பொறி போதும். அதனால் அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றேன். மேனேஜர் கணேசன் சார் தலையில் கை வைத்தார். "டீசல் டேங்க்ல தண்ணியா? மேல கேட்டா என்னம்மா சொல்றது?" என்றார். "நான்தான் ஊத்துனேன்னு சொல்லுங்க சார்" என்றேன். மனசே இல்லாமல் சம்மதித்தார்.

புயலன்று கடல் இடுப்பளவு உள்ளே வந்தது. காலி பேரல்கள் மிதந்து ரோட்டுக்குப் போயின. காவலாளியின் தகரக் கொட்டகை முள்காட்டுக்குள் கிடந்தது. அந்த டேங்க் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. மறுநாள் மேனேஜர் பேன்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய் அதைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "அடுத்த புயலுக்கு எனக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி ஊத்தி வச்சிரும்மா."

கூரையில் எரிந்த பந்தம்

அடுத்த வருஷம் கார்த்திகையில், காலை மழையோடு வந்த இடி நேராகப் பெட்ரோல் டேங்கிலேயே இறங்கியது. கூரையில் ஆவி வெளியேறுகிற குழாய் பந்தம்போலப் பற்றியது. மஞ்சள் தீ, கரும்புகை. கரண்ட் போய்விட்டது. இராமநாதபுரத்துக்குப் போன் செய்தோம். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்றார்கள். "ஜெனரேட்டரைப் போட்டு பெட்ரோலைப் பக்கத்து டேங்குக்கு இழுத்துருவோம்" என்றார் மேனேஜர். "வேண்டாம் சார். பெட்ரோல் எறங்குனா வெளிக்காத்து உள்ள போகும். இப்ப வெளிய எரியுறது, அப்புறம் உள்ள வெடிக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி, நீ சொல்றதச் செய்வோம்" என்றார்.

பம்ப் ஆபரேட்டர் செல்வராணி, டீசலில் ஓடும் தீயணைப்பு பம்பைக் கிளப்பினாள். டேங்கின் மேல் தண்ணீர் அடித்தோம். தகடு குளிர்ந்துகொண்டு வரும்போது பம்ப் இருமி நின்றது. பம்புக்குத் தண்ணீர் எடுக்கிற எங்கள் குளத்தில் விழுந்த தென்னை மட்டையும் குப்பையும் குழாயை அடைத்துவிட்டன. அப்போது சுவர் ஏறிக் குதித்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கரையில் படகுக்குள் நிறைந்த மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த மீனவர்கள். தோளில் அவர்களுடைய பம்புசெட்டு. "கடல் இங்கன இருக்கையில தண்ணிக்கென்ன பஞ்சம், நகருங்க" என்றார் முன்னால் வந்தவர். கடலே எங்கள் டேங்கின் மேல் கொட்டியது.

தகடு குளிர்ந்ததும், நானும் செல்வராணியும் கவச உடையோடு, பக்கத்து டேங்கிலிருந்து வரும் நடைபாலத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தீயணைப்புப் பொடியை அடித்தோம். அணைந்தது, மறுபடி பற்றியது. மறுபடி அடித்தோம். இந்த முறை அணைந்தே விட்டது. கீழே எழுந்த சத்தம் திருவிழாச் சத்தம். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும்தான். மரத்தை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தபோது, டேங்கின் சூட்டில் நீராவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. அதிகாரி டேங்கைச் சுற்றி வந்து, எல்லாவற்றையும் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு டீயாவது குடுங்கம்மா."

திருவாடானையிலிருந்து வந்தவர்

சேதி கேட்டு என் அய்யா மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். திருவாடானையில் விவசாயம் பார்க்கிறவர். மகள் பெட்ரோலுக்கு நடுவில் நிற்கிறாள் என்று சொல்லப் பயந்து, சொந்தக்காரர்களிடம் "ஏதோ ஆபீஸ் வேல" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். வேலையை விடச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் வழியில் டீக்கடையில் அந்த மீனவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் கரி பிடித்த டேங்கை அண்ணாந்து பார்த்தார். என் தலையில் கை வைத்தார். அப்புறம் சொன்னார்: "இனிமே எம்மக என்ன வேல பாக்குதுன்னு ஊர்ல எவனும் கேக்க வேண்டியதில்ல, கேக்குறதுக்கு முந்தி நானே சொல்லிருவேன்."

மொத்தத்தில், எங்கள் தொழிலில் வெற்றி என்பது, மறுநாள் காலையிலும் எல்லோரும் வழக்கம்போல வந்து நம்மோடு சண்டை போட டெப்போ இருந்த இடத்திலேயே இருப்பதுதான்.