பூசையில் இருந்த விக்கிரமங்கலம்

2004, ஆயுத பூசைக்கு முந்தின நாள். பெரம்பலூர்க் கல்லூரியில் காலை வகுப்புகளை எடுத்துவிட்டு, பதினொன்றரைக்கு அரியலூர் பஸ்ஸைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம். முன்னால் சிமெண்ட் லாரி, பின்னாலும் சிமெண்ட் லாரி. மடியில் திருத்தாத விடைத்தாள்கள். பெரம்பலூரில் பாடம் நடத்துவது, திருச்சியில் பாடம் கேட்பது, மிச்ச நேரத்தில் ஆவணம் தேடுவது, இதுதான் என் பிழைப்பு. விக்கிரமங்கலம் கிராமத்தின் பழைய நிலப்பதிவைப் பார்த்தால்தான் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத முடியும். திங்கட்கிழமை அது வராவிட்டால் கால நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

"தாளு பறக்குது மேடம், சன்னல சாத்துங்க" என்றார் நடத்துனர். சாத்தினால் வேகிறது, திறந்தால் வெள்ளைத் தூசி. அந்தக் குலுக்கலில் மதிப்பெண் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருக்கும்.

அரியலூர் தாலுகா ஆபீசில் ஆவண அறைக்குப் பொறுப்பான மல்லிகா அக்கா கை நிறையப் பொரிகடலை கொடுத்தார். "என் விக்கிரமங்கலக் கட்டு எங்கக்கா?" என்றேன். அவர் காட்டிய மூலையைப் பார்த்தேன். மறுநாள் விடுமுறை என்று பூசையை அன்றே முடித்திருந்தார்கள். சரசுவதி படத்தின் முன்னால், எல்லாக் கட்டுகளுக்கும் மேலே, சந்தனமும் குங்குமமுமாக என் விக்கிரமங்கலம்!

"நீங்க வருவீங்கன்னுதான் நேத்தே எடுத்து மேசையில வச்சேன். கைக்கு எட்டுனதுன்னு பூசைக்குத் தூக்கி வச்சுட்டாங்க."

"ஒரு மணி நேரம் பிரிச்சுப் பாத்துட்டுக் கட்டிடறேங்க்கா."

"அய்யய்யோ! பூசையில வச்சத உங்க வூட்டுல எடுத்துப் படிப்பீங்களா?"

படிக்கமாட்டோம்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பொரியை வாயில் போட்டு மறைத்துக்கொண்டேன்.

அக்கா பார்த்துவிட்டார். "அழுவாதீங்க டீச்சர். விஜயதசமிக்கு மறுபூசை பண்ண நானும் வாட்ச்மேனும் வருவோம். அன்னிக்கு எதையாச்சும் பிரிச்சுப் படிச்சே ஆகணும். வருசா வருசம் நான்தான் ரெண்டு வரி முணுமுணுப்பேன். இந்த வருசம் நீங்க வந்து படிங்க. ஆபீசர்கிட்ட நான் கேட்டு வைக்கிறேன்."

விஜயதசமி காலை, வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் மறுபடி போனேன். கற்பூரம் காட்டியதும் கட்டைப் பிரித்தேன். "ஏரிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, நஞ்சை..." இரண்டு வரியில் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சத்தமா படிங்க" என்றார் அக்கா.

அந்தப் பக்கம் முடியும்வரை படித்தேன். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கி, நாலு மணிக்குத்தான் எழுந்தேன். மூன்றாம் இயலுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது; திங்கட்கிழமைக்குள் எழுதிவிடலாம்.

திரும்பும் பஸ்ஸில் கை வலித்தது, மனசு குளிர்ந்திருந்தது. என் வகுப்பில் கடைசி பெஞ்சு தூங்கும். நெறியாளரோ பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். வாய்க்காலையும் வரப்பையும் நான் வாசிக்க, முடியும்வரை கைகூப்பி நின்று கேட்டது அரியலூரில் அக்காவும் வாட்ச்மேனும்தான்.